சூறாவளி அறிவித்தல் வந்தால் எதைப் பார்ப்பது? வாடைக்கு முன்னமே பேசி வைப்போம் (திருகோணமலை)

நிலாவெளிப் பாலன்

ஐப்பசி பிறக்க முந்தியே வாட்ஸ்அப்பில் தொடங்கிவிட்டார்கள். நேற்று மட்டும் மூன்று விதமான செய்தி வந்தது. இந்திய தொலைக்காட்சியில் "1ஆம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது" என்று ஓடுகிறது, ஒருவர் விண்டி வானிலைச் செயலியில் ஒன்பது நாள் தள்ளி வரப்போகும் சிவப்பு வட்டத்தைப் படம் பிடித்துப் போட்டு "திருகோணமலை அழியும்" என்று எழுதியிருக்கிறார், கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களமோ "மாலையில் இடியுடன் கூடிய மழை" என்பதோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் பெரியம்மாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. "பேர் வைச்சாச்சா?" என்று மட்டும் கேட்பார். பேர் வைத்தால் பயம், வைக்காவிட்டால் பயமில்லை.

ஆட்களே, அறிவித்தல் வந்தால் அதில் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெறும் "ஆண்டவன் காப்பாற்றட்டும்" போடுகிறவர்களுக்கு வேறு இழை இருக்கிறது.

உவர்மலை டீச்சர்

பாலன், பேரிலிருந்தே தொடங்குவோம். நம்முடைய கடலில் நிலையான காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால் பேர் வைப்பார்கள். புது டில்லியில் இருக்கிற மையம் 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து வரிசைப்படி எடுக்கும். புரெவி மாலைதீவு கொடுத்தது, பெங்கல் சவூதி கொடுத்தது, டிட்வா யேமன் கொடுத்தது. இந்தியா கொடுத்ததில் முரசு என்று நல்ல தமிழ்ப் பேரும் வரிசையில் நிற்கிறது.

அதற்குக் கீழே 31 முதல் 49 வரை தாழமுக்கம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழமுக்கம். மேலே போனால் 89இலிருந்து கடும் சூறாவளி, 118இலிருந்து மிகக் கடும் சூறாவளி. அமெரிக்காவில் ஹரிகேன் என்று சொல்வதும் ஏறத்தாழ இந்த 118, 119இல்தான் தொடங்குகிறது. கடல் வேறு, பேர் வேறு, சாமான் ஒன்று. தமிழ்நாட்டுச் செய்தியில் "தாழ்வு மண்டலம்" என்றால் நம்முடைய தாழமுக்கம். "தாழ்வுப் பகுதி" என்பது அதற்கும் கீழே.

இந்த ஏணி முழுக்க காற்றை மட்டும்தான் அளக்கிறது. எவ்வளவு மழை கொட்டும், எவ்வளவு மெதுவாக நகரும், ஆறு எங்கே உடைக்கும் என்று ஒரு சொல் இதில் கிடையாது. 2025 நவம்பரில் டிட்வா, பேர் வைக்கிற முதல் படிக்கு மேல் ஏறவேயில்லை. ஆனால் நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கரைவலை

டீச்சர் நல்லாச் சொல்லுகிறீர்கள், ஆனால் நான் திருக்கடலூரில் இருந்து வேறு கதை சொல்கிறேன். 2020இல் புரெவிக்கு ஊரையே எழுப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். கொரோனா காலம் வேறு, ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு, ஒரு கக்கூசுக்கு வரிசை. விடிந்து வீட்டுக்குப் போனால் மிளகாய்க் கன்றுகூடச் சாயவில்லை. வலையை இழுத்துக் கரையிலுள்ள வாடிக் கொட்டிலுக்குள் போட்டது, எஞ்சினைக் கழற்றித் தூக்கியது, கடலுக்குப் போகாத நாட்கள், இதெல்லாம் யார் கணக்கில்? அறிவித்தல் கொடுக்கிறவனுக்கு மாதச் சம்பளம். எங்களுக்குக் கடல்.

சும்மா பேச வரவில்லை. அடுத்த முறையும் இப்படித்தான் சொல்வார்கள், பாதிப் பேர் போகமாட்டார்கள். அதுதான் நடக்கப்போகிறது.

திரியாய்ப் பொடியன்

அண்ணை, புரெவி டிசம்பர் 2 இரவு எங்கள் பக்கத்தால்தான் ஏறியது, முல்லைத்தீவுக்கும் உங்களுக்கும் நடுவில். உங்களுடைய மிளகாய்க் கன்று தப்பியதற்கு ஒரு பெரிய காரணம் நீங்கள் அதற்குத் தெற்கே இருந்தது.

நம்முடைய பக்கத்தில் சூறாவளி இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். கிழக்கிலிருந்து கரைக்கு வருகிறது என்று வையுங்கள். மையத்துக்கு வடக்கே இருக்கிறவனுக்குக் காற்று கடலிலிருந்து தரைக்கு அடிக்கும், அலையையும் சேர்த்துத் தள்ளும். தெற்கே இருக்கிறவனுக்குத் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அன்றிரவு உங்களுக்கு வீசியது பெரும்பாலும் மேற்குக் காற்று, கரையோரக் கடலை அது அமுக்கிவிடும். இதே சாமான் வெருகல், வாகரைப் பக்கம் ஏறியிருந்தால் நீங்கள் வடக்கே. பின்குடா, சல்லி, சாம்பல்தீவு எல்லாம் நேருக்கு நேராக வாங்கும். ஐம்பது கிலோமீற்றர் இப்படி அப்படி விலகினாலே கதை மாறிவிடும், அந்த ஐம்பதை முதல்நாள்கூட யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரையும் எழுப்புகிறார்கள்.

கடலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றால் சூறாவளியின் மையம் கிட்டத்தட்ட இடது கைப் பக்கம் இருக்கும். போனில் சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும். நேரம் போகப் போகக் காற்று வடக்கிலிருந்து மேற்கு, தென்மேற்கு என்று திரும்பினால் மையம் உங்களுக்கு வடக்கால் போகிறது. வடகிழக்கிலிருந்து கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பினால் தெற்கால் போகிறது. திரும்பாமல் அதே திசையில் நின்று பலக்கிறது என்றால் அது உங்களை நோக்கித்தான் வருகிறது.

நிலாவெளிப் பாலன்

தம்பி, இதை அச்சடித்து வாடியில் ஒட்டலாம். அந்தக் கூண்டு எண் விசயத்தையும் யாராவது சொல்லுங்கள்.

திரியாய்ப் பொடியன்

அது இந்தியத் துறைமுகங்களுக்கு, கப்பல்காரருக்காக வைத்தது. நாகபட்டினத்தில் 1 ஏற்றினால் எங்கோ தூரக் கடலில் தாழமுக்கம் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம், அந்தத் துறைமுகத்துக்கே உடனடி ஆபத்து இல்லை. எண் கூடினால் ஆபத்து கூடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அதுவும் முழுக்கச் சரியில்லை. 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு பெரும் அபாயம். துறைமுகம் புயலின் பாதைக்கு இடப்பக்கம் வந்தால் 8, வலப்பக்கம் வந்தால் 9, நேரே மேலால் போனால் 10. "8 தானே, 9 இல்லையே" என்று ஆறுதல் படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதை நமக்கு எந்தப் பக்கம் என்பதுதான் அங்கேயும் கேள்வி.

எதுவாக இருந்தாலும் திருகோணமலைக்கு அந்த எண் பொருந்தாது. நமக்குக் கொழும்பு அறிவித்தல்தான், அதிலும் "மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு" என்று வருகிற வரியைத் தேடிப் படியுங்கள். வானொலியில் அந்த வரி வரும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைப்பார்.

மூதூரான்

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லோருக்கும். காற்றைப் பற்றியே பேசிக்கொண்டு இருக்கிறீர்கள், குடாவுக்கு இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

எங்களுக்கு ஆபத்து கடலிலிருந்து மட்டும் வருவதில்லை, முதுகுப் பக்கத்தாலும் வருகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. கண்டியிலும் நுவரெலியாவிலும் கொட்டின மழை எங்கள் வாசலுக்கு வர ஒன்று, இரண்டு நாள் எடுக்கும். டிட்வாவில் காற்று போய்விட்டது, மழையும் விட்டுவிட்டது, சனம் உடுப்புக் காயப்போடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு, நவம்பர் 30இல், மாவிலாறுக் கட்டு உடைந்தது. வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கம் தண்ணீர் ஏறியது அப்போதுதான். "புயல் கடந்துவிட்டது" என்று தொலைக்காட்சி சொன்ன பிறகு!

எங்கள் உம்மாவின் வீட்டில் தண்ணீர் சத்தம் போட்டு வரவில்லை. முதலில் கக்கூஸ் குழி கொப்பளித்தது, பிறகு வாசல்படிக்குக் கீழே இருந்த செருப்புகள் மெல்ல மிதந்து கேற் பக்கம் போயின. உம்மா செருப்பைப் பிடிக்கத்தான் முதலில் ஓடினார்.

அதனால் கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல் ஆட்கள் வளிமண்டலவியல் அறிவித்தலோடு நிற்க வேண்டாம். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று மட்டத்தைத் தனியாகப் போடுகிறது. மகாவலிக்கு மன்னம்பிட்டியில் இருக்கிற அளவைப் பாருங்கள். அங்கே ஏறினால் இங்கே வரும், இடையில் கிடைக்கிற நேரம்தான் நமக்கு உள்ள நேரம்.

கரைவலை

நானா, அதை மறுக்கவில்லை. மாவிலாறு உடைந்தபோது எங்கள் ஆட்கள் வள்ளத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்கள். நான் சொல்வது கடலோர அறிவித்தலை.

ஹூஸ்டனில் உப்புவெளி

இங்கே இருந்து ஒன்று சேர்க்கிறேன். 2017இல் ஹார்வி ஹரிகேன் டெக்சாஸ் கரையில் நாலாம் தரத்தில் ஏறியது, ஆனால் எங்கள் நகரத்திலிருந்து வெகு தூரத்தில். ஹூஸ்டன் பக்கம் வரும்போது அது தரம் எல்லாம் இழந்து சாதாரணப் புயல். பிறகு நகராமல் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது, சில இடங்களில் 1000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தரம் ஒன்றா நாலா என்று பார்த்து முடிவெடுத்தவர்கள் வீட்டுக் கூரையில் நின்று ஹெலிகொப்டருக்குக் கை காட்டினார்கள். டீச்சர் சொன்ன அதே விசயம், ஊர்தான் வேறு.

இங்கே அறிவித்தல் இரண்டு கட்டம். ஹரிகேன் "வாட்ச்" என்றால் வரக்கூடும், பலத்த காற்று தொடங்க ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு முன் சொல்வார்கள். "வார்னிங்" என்றால் வரும் என்றே எதிர்பார், அது 36 மணி நேரத்துக்கு முன். காற்று தொடங்குவதற்கு முன் என்பதைக் கவனியுங்கள், மையம் கரையைத் தொடுவதற்கு முன் இல்லை. மையம் வர வெகு நேரம் இருக்கும்போதே ஏணியில் ஏறி நிற்க முடியாத காற்று வந்துவிடும். கூரையில் செய்கிற வேலை எல்லாம் அதற்கு முன் முடிய வேண்டும்.

படத்தில் ஒரு கூம்பு போடுவார்களே, அதையும் எல்லோரும் பிழையாகப் படிக்கிறார்கள். அது புயலின் பருமன் இல்லை. மையம் போகக்கூடிய இடம் மட்டும்தான், அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் கூம்புக்குள் நிற்கும். கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாகப் படுக்க முடியாது. விண்டியில் ஒன்பது நாள் தள்ளிப் பார்ப்பது பொழுதுபோக்கு. ஐரோப்பியக் கணினி மாதிரியும் அமெரிக்கக் கணினி மாதிரியும் ஒரே இடத்தைக் காட்டுகிறதா என்று மூன்று நாள் இருக்கும்போது பாருங்கள், அப்போது ஓரளவு பேசலாம்.

உவர்மலை டீச்சர்

மழைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அறிவித்தலில் "150 மில்லிமீற்றருக்கும் அதிகமான" என்று வரும்போது யாருக்கும் உறைப்பதில்லை. ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 1000 சதுர அடிக் கூரையில் 150 விழுந்தால் ஏறத்தாழ 14,000 லீற்றர். உங்கள் கூரையில் வைத்திருக்கிற 1000 லீற்றர் தாங்கி பதினான்கு. அவ்வளவும் உங்கள் வளவுக்குள் இறங்கி, அயல் வளவுத் தண்ணீரோடு சேர்ந்து, சொப்பிங் பையால் அடைபட்ட ஒரே வாய்க்காலைத் தேடிப் போகும்.

கடல் ஏறுவதையும் யாரோ பயத்தோடு உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள். 1964 டிசம்பரில் இந்தப் பக்கத்தால் தீவைக் கடந்த சூறாவளிதான் தனுஷ்கோடியை அழித்தது. அங்கே கடல் ஆழமில்லாதது, காற்று தள்ளின தண்ணீர் திரும்பிப் போக இடமில்லாமல் கரையில் ஏறும். நமக்குக் கோணேசர் மலைக்குப் பக்கத்திலேயே ஆழக்கடல் தொடங்குகிறது, அந்த அளவுக்கு மட்டம் உயராது. ஆனால் அலை குறையாமல் வந்து கரையில் உடையும், அதனால் முதல் வரிசை வீடுகளுக்கு இது ஆறுதல் இல்லை. குடாவின் உள்ளே தாழ்வான கிண்ணியா, மூதூர் கரைகளில் ஆற்று வெள்ளமும் சேர்ந்து வந்தால், கடல் மட்டம் ஒரு அடி கூடினாலே வெள்ளம் வடியாமல் நிற்கும்.

ஓடாவி

கூரை பற்றி நான் சொல்கிறேன், அது என் தொழில்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற பலம் நாலு மடங்கு. கூரை கீழே அமுங்கி உடைவதில்லை, மேலே தூக்கப்பட்டுத்தான் போகிறது. முதலில் போவது எப்போதும் மூலையும் இறவாரமும். நடுக்கூரையில் மண்மூட்டையை அடுக்கிவிட்டு நாலு மூலையையும் சும்மா விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கொக்கி ஆணி கூரைச் சீற்றின் மேட்டில்தான் இறங்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். ஓரத்தில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு போடுங்கள். றப்பர் வாசர் காய்ந்து வெடித்திருக்கும், கையால் திருகிப் பாருங்கள், சுற்றினால் அது பிடிக்கவில்லை. சாதாரண ஆணி அடித்த தகரம் என்றால் அது கூரை இல்லை, பறக்கக் காத்திருக்கிற கத்தி. அடுத்தது, சீற்று சிலாகையில் (மெல்லிய சட்டம்) பிடித்து, சிலாகை வளையில் (தடித்த மரம்) பிடித்து, வளை சுவரில் சும்மா குந்திக்கொண்டு இருக்கும். பாதி வீடுகளில் இதுதான். முழுக் கூரையும் ஒன்றாகக் கிளம்பிப் போகும். வளையைக் கொங்கிறீற் பட்டியோடு இரும்புப் பட்டியால் கட்டுங்கள், பெரிய செலவில்லை. அஸ்பெஸ்டஸ் சீற்றில் நேராக ஏறி மிதிக்காதீர்கள், பலகை போட்டு நில்லுங்கள். சூறாவளியில் செத்தவனைவிட அதற்கு முதல்நாள் சீற்றோடு கீழே வந்தவன் எங்கள் பக்கம் அதிகம்.

காற்று வரும்போது யன்னலைத் திறந்துவிட்டால் அமுக்கம் சமப்படும், கூரை தப்பும் என்று ஒரு கதை இருக்கிறது. கேட்காதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்தும் தள்ளும். எல்லாவற்றையும் சாத்துங்கள்.

2000ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26, திருகோணமலைக்கு வந்த சூறாவளியை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். நாலு வருடம் கழித்து அதே தேதியில் சுனாமி வந்ததால் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். பலமான சூறாவளியில் கண், அதாவது நடு மையம், மேலால் போனால் திடீரென்று அமைதியாகும், வானம்கூட வெளிக்கும். வெளியே வராதீர்கள். அடுத்தது எதிர்ப்பக்கத்தால் வரும், முதல் பாதியில் இளகினதை அதுதான் கழற்றும்.

தென்னை வளவுக்காரர்கள் காயையும் காய்ந்த ஓலையையும் முன்னமே இறக்கிவிடுங்கள். 1978 சூறாவளியில் மட்டக்களப்பில் தென்னந்தோப்புகள் படுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

இரவு டியூட்டி

நான் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஆட்கள் எதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நகை வரும், ரிவி ரிமோட்கூட வரும், கிளினிக் கொப்பி வராது. பிறகு "வெள்ளைக் குளிசை ஒன்று, சின்னது" என்பார்கள். கொப்பியும் ஒரு கிழமை மருந்தும் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனால் எங்கே வைப்பது என்று இப்போதே யோசியுங்கள், ஈரத் துணி சுற்றின மண்பானை ஒன்றிரண்டு நாளைக்குத் தாங்கும். அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் கடைசி நேரம் பார்க்காமல் ரவுணில் இருக்கிற உறவினர் வீட்டுக்கு முன்னமே வந்துவிடுவது நல்லது, அம்புலன்ஸ் வெள்ளத்தில் நீந்தாது.

வெளிக்கிடும்போது மெயின் சுவிட்ச், காஸ் ரெகுலேற்றர் இரண்டையும் மூடுங்கள். ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளோ யன்னலுக்குக் கீழோ ஓடவிடாதீர்கள், புகையில் மணமே இல்லாத நஞ்சு இருக்கிறது. வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஒன்று, இரண்டு கிழமை கழித்துத்தான் காட்டும். காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் நடந்ததை மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். உதவி தேவைப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. உங்கள் ஜிஎஸ்ஸின் (கிராம சேவகர்) நம்பரும் போனில் இருக்கிறதா என்று இப்போது பாருங்கள், முகாம் எந்தப் பள்ளிக்கூடம் என்று அவருக்குத்தான் தெரியும்.

மூதூரான்

தங்கச்சி, கிணற்றைப் பற்றியும் சொல்லுங்கள். டிட்வாவுக்குப் பிறகு எல்லோரும் மோட்டரைப் போட்டு இறைத்தார்கள்.

இரவு டியூட்டி

நானா, அதில் கவனம் வேண்டும். கடலோரக் கிணற்றை ஒரேயடியாக ஆழமாக இறைத்தால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறும். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் நிறையக் கிணறுகள் அப்படித்தான் கெட்டன, சிலது இடிந்தும் விழுந்தது. அழுக்கு போகிற அளவுக்கு மெல்ல இறையுங்கள், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போடட்டும், அவர் சரி என்னும்வரை குடிக்கிற தண்ணீர் கொதிக்க வைத்ததாக இருக்கட்டும்.

கரைவலை

சரி, எல்லாம் வாசித்தேன். மிளகாய்க் கன்றுக் கதையைத் திரியாய்த் தம்பி விளங்கப்படுத்தியது எனக்குப் பிடித்தது, இப்படி ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. "போகாதே" என்று மட்டும்தான் லவுட்ஸ்பீக்கரில் வரும். ஆனால் நட்டக் கணக்கு இன்னும் நிற்கிறது. அதற்குப் பதில் இந்த இழையில் கிடைக்காது, கேட்டு வைக்கிறேன்.

வள்ளத்தை என்ன செய்வது? எங்கள் கரையில் மேடு இல்லை.

திரியாய்ப் பொடியன்

அண்ணை, அறிவித்தல் முதல் கட்டத்தில் இருக்கும்போதே, கடல் அமைதியாக இருக்கும்போது, கொட்பே மீன்பிடித் துறைப் பக்கம் சுற்றிக்கொண்டு போய்விட்டால் நல்லது. உட்துறைமுகத்தில் நாலு பக்கமும் மலை, அலை வராது. கடைசி நேரத்தில் துறைமுக வாயைத் தாண்டுவதுதான் ஆபத்து, அப்போது போகவே வேண்டாம். அனுமதி யாரிடம் எடுப்பது என்று சங்கத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

முடியாது என்றால் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள், வள்ளத்தை ஆட்கள் சேர்ந்து றோட்டைத் தாண்டி இழுத்து, தண்ணீர் நிரப்பி விடுங்கள். வெறும் பைபர் வள்ளத்தைக் காற்று புரட்டும், நிரம்பினது அசையாது. கயிறு பனையில் கட்டுங்கள், தென்னையில் வேண்டாம்.

கரைவலை

எங்கள் பக்கம் பனை இரண்டுதான் நிற்கிறது, அதுவும் கோயில் வளவுக்குள். ஐயரிடம் கேட்கிறேன்.